மணி கேட்காத மீட்டர்

எங்கள் ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில், சிஸ்டம் அக்காவின் மேசைக்கு அடியில் ஒரு ஜோடி கறுப்பு ரப்பர் பூட்ஸ் இருக்கும். தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் கழுவுகிறவர்கள் போடுகிற ரகம். போன் வந்து எங்கோ ஒரு மெஷின் வேலை செய்யவில்லை என்றால், இந்த வேலை பார்க்கிற மற்றவர்கள் திரையைப் பார்த்துக் குனிவார்கள். இவர் பூட்ஸைப் பார்த்துக் குனிவார்.

"போய்ப் பாத்துட்டு வந்துடறேன் சார்."

அது அனுமதி கேட்பதல்ல. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிக்கிற என் மேசை, அந்தப் பக்கம் அவருடையது. போன் அடித்தால் எடுத்துக் கேட்டு வை என்று அர்த்தம்.

நாற்பதைத் தாண்டியவர். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட் ஸ்டாஃபுக்கு என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். இவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பின்னால், தையல் பிரிவுப் பெண்களோடு நிற்பார். அவரும் ஒன்பது வருடம் அதே பிரிவில் ஷூவுக்கு மேல்தோல் தைத்தவர்தான். தைத்துக்கொண்டே அஞ்சல் வழியில் படித்து, ஒரு டிப்ளமோ வாங்கி, இந்தக் கண்ணாடி அறைக்கு வந்தவர். எல்லோருக்கும் சிஸ்டம் அக்கா. மேனேஜருக்கு மட்டும் வெறும் சிஸ்டம். "சிஸ்டத்தை வரச் சொல்லு" என்பார்.

அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, மதிய சாப்பாட்டுக்குப் பிறகு வந்த ஒரு புகார். பசை ஒட்டுகிற மேசையில் ஒரு பெண், விரல் வைத்தால் வருகைப் பதிவு மெஷின் எடுக்கவில்லை என்று நாளுக்கு ஒரு போன் செய்துகொண்டிருந்தாள். சூப்பர்வைசர் சிரித்தார். "அந்தப் பொண்ணு அப்டித்தான்க்கா பேஜார் பண்ணும். காலையில எடுக்குதாம், மத்தியானம் எடுக்கலியாம். விடுங்க."

இவர் போனார். மெஷினைத் தொடவில்லை. அந்தப் பெண் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அரை மணி நேரம் அவள் கையைப் பார்த்தார். பசை ஒட்டுகிறவர்களுக்குக் கட்டைவிரலில் பசை படிந்து காய்ந்து, மதியத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் போலாகிவிடும். காலையில் சுத்தமான விரல், மதியம் மூடிய விரல். அந்த மேசையில் எல்லோருக்கும் இதே கதைதான், இவள் ஒருத்திதான் வாயைத் திறந்தாள். அன்று மாலைக்குள் மேசையிலிருந்த அத்தனை பேருக்கும் பசை படாத இடது சுண்டுவிரலைப் பதிந்துகொண்டு வந்தார்.

"ஒருத்தர் திரும்பத் திரும்பச் சொல்றாங்கன்னா, ஒண்ணு சும்மா சொல்றாங்க, இல்ல நெஜமாவே ஏதோ கீது. எதுன்னு போய்ப் பாத்தாதானே தெரியும்?" என்றார் என்னிடம். குரலில் பெருமையோ உபதேசமோ இல்லை. பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இந்தக் குணத்துக்கு அந்தக் கண்ணாடி அறையில் பெரிய சோதனையாக இருந்தது ஒரு தகரப் பெட்டி. ஃபயர்வால் என்பார்கள். கம்பெனிக்கும் வெளி இணையத்துக்கும் நடுவே நின்று, யார் போகலாம் யார் வரலாம் என்று பார்க்கிற வாட்ச்மேன் போல. வாட்ச்மேனுக்கு இருப்பது போல அதற்கும் ஒரு நோட்டு உண்டு. உள்ளே இருக்கிற மெஷின் வெளியே யாரையாவது கூப்பிட்டால் ஒரு வரி, பேசி முடித்தால் இன்னொரு வரி. நோட்டு சின்னது. நிரம்பியதும் பழைய வரிகளை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதும். எங்கள் கம்பெனியில் தையல் பிரிவு, வெட்டும் பிரிவு, பக்கத்துக் காம்பவுண்டில் தோல் ஷாப், எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெட்டி. காலை பத்து மணிக்கு நடந்ததை மதியம் இரண்டு மணிக்குத் தேடினால் கிடைக்காது. நோட்டைச் சேமிக்கத் தனியாக ஒரு கம்ப்யூட்டர் கேட்டு எழுதியிருந்தார். பதில் வரவில்லை.

அதனால் தேவையில்லாத வரிகளைக் குறைப்பது என்று முடிவு செய்திருந்தார். தினமும் ஒரு வரியை எடுத்துக்கொள்வார், அது எந்த மெஷின் என்று பார்ப்பார், பூட்ஸைப் போட்டுக்கொண்டு போவார். பேக்கிங்கில் இருந்த ஒரு பிரிண்டர், காயலான் கடைக்குப் போய் மூன்று வருடமான ஒரு கம்ப்யூட்டரை நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "பாவம் சார், செத்துப் போனது அதுக்கு யாரும் சொல்லல" என்றார். சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் அந்த வரி இல்லை.

வேலூரில் ஒரு பத்திரிகையின் டெஸ்க்கில் பல வருடம் செய்தி வெட்டியவன் நான். அந்தத் திமிரில் ஒரு யோசனை சொன்னேன். இடம் பத்தவில்லையென்றால் நாங்கள் செய்தியைக் கீழேயிருந்து வெட்டிக்கொண்டு வருவோம், முக்கியமானது மேலே இருக்கும் என்றேன்.

"அடிலேர்ந்தா? எங்க நோட்டுல அடியிலதான் சார் புதுசு இருக்கும். நல்ல வேளை நீங்க இந்தாண்ட உக்காந்திருக்கீங்க."

ஏழுமலை விஷயம் இதற்கு நடுவில்தான் வந்தது.

தோல் ஷாப்பின் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் ஏழுமலை. விரிஞ்சிபுரத்துக்காரர், அதிகம் பேசாதவர். தொட்டியிலிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளக்க ஒரு மீட்டர் உண்டு. அது நிமிடத்துக்கு நிமிடம் கணக்கை வெளியே, மாசு பார்க்கிற அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், காலையில், மீட்டர் பேசவில்லை. தொட்டிக்கு ஞாயிறு லீவு கிடையாது. அந்த மூன்று நாளும் வேலையில் இருந்தவர் ஏழுமலை.

மேனேஜர் அதை ஒரே மாதிரிதான் படித்தார். ஆள் இல்லாத நாளாகப் பார்த்து மீட்டரை அணைத்துவிட்டு, கழிவைக் கால்வாயில் திறந்துவிட்டிருக்கிறான். ஒரு திங்கட்கிழமை ஏழுமலை சஸ்பெண்ட் ஆனார். மறு வாரம் செவ்வாய்க்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போவது மட்டுமல்ல, போலீஸில் புகார் என்றும் நோட்டீஸில் இருந்தது.

அவர் அன்றே கேட்டுக்கு வெளியே நின்று சிஸ்டம் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"அணைச்சேன்னு சொல்றாங்கோ மேடம். நான் தொடல. ஆனா ஓடலன்னு அவங்க பேப்பர்ல கீது. ரெண்டும் எப்டி நெஜமாவும்?"

"உங்க மேல யாருக்காவது கோவமா?"

"என் மேல கோவப்பட இன்னா கீது? நான் தொட்டியாண்ட உக்காந்துகினு இருக்கறவன்." அப்புறம் தயங்கிச் சொன்னார். "உங்க பெட்டியில எல்லாம் எழுதியிருக்கும்ன்றாங்களே. அதுல பாருங்களேன்."

சிஸ்டம் அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். திரும்பி நடந்தார். கண்ணாடி அறைக்கு வந்த பிறகுதான் சொன்னார்.

"அதுல ஒண்ணும் இல்ல சார். நான்தான் நிறுத்தினேன்."

நடந்தது இது. அந்தப் பெட்டியில் ஒவ்வொரு ரகச் செய்திக்கும் ஓர் எண் உண்டு. இணைப்பு தொடங்கியதற்கு ஓர் எண், அறுந்ததற்கு ஓர் எண். வரிகளைக் குறைக்க இரண்டு வழி. இந்த மெஷின் இந்த இடத்தைக் கூப்பிடுவதை மட்டும் எழுதாதே என்று ஒவ்வொன்றாகச் சொல்லலாம், மாதக்கணக்கில் ஆகும். அல்லது எண்ணையே நிறுத்திவிடலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் அதன் பிறகு எந்த மெஷினைப் பற்றியும் அந்த ரகச் செய்தி வராது.

இரண்டு மாதம் முன்பு, வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் வந்திருந்த நாளில், இணையம் தவழ்ந்தது. பெட்டி எழுதி எழுதியே களைத்துப்போகிறது என்று யாரோ மேனேஜரிடம் சொல்லிவிட்டார்கள். "இன்னாம்மா இது, ஒண்ணொண்ணா போய்ப் பாத்துகினு! எல்லாத்தையும் நிறுத்து!" என்று அவர் வாசலில் நின்று கத்தியதை நான் கேட்டேன். இவர் அன்று ஒரு நிமிட வழியில் போனார். என் கண் முன்னால், பூட்ஸைத் தொடாமல் அவர் முடித்த ஒரே வேலை அது. மறுபடி திறந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். இணையம் நன்றாக ஓடியது, யாரும் கேட்கவில்லை, நாள் போய்விட்டது. மீட்டர் பேசாமல் போன மூன்று ஞாயிறும் அந்த இரண்டு மாதத்துக்குள் வந்தவை.

அன்று மதியமே எண்களைத் திறந்துவிட்டார். பெட்டி பழையபடி கொட்ட ஆரம்பித்தது. பழையபடி நாலு மணி நேரத்துக்கு மேல் நோட்டு தாங்கவில்லை.

கணக்கு எளிமையானது. விசாரணைக்கு முன் ஒரே ஒரு ஞாயிறு இருந்தது. விசாரணை முடியும் வரை ஞாயிற்றுக்கிழமை ஸ்டாஃப் யாரும் உள்ளே வரக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார். அந்த ஞாயிறு காலையிலும் மீட்டர் நின்றால், என்ன நடந்தது என்பது நோட்டில் விழும். விழுந்தது, திங்கள் காலை இவர் மாதனூர் பஸ்ஸில் வந்து இறங்கும் வரை அழியாமல் இருக்க வேண்டும். நாலு மணி நேர நோட்டை ஒன்றரை நாள் நோட்டாக்க ஐந்து வேலை நாள்.

"மீட்டரை மட்டும் விட்டுட்டு மத்ததை எல்லாம் நிறுத்திடுங்களேன்" என்றேன்.

"அதைத்தானே சார் போன தடவை பண்ணேன்? ஒரு ஏழுமலை போதும்."

பூட்ஸைப் போட்டுக்கொண்டார்.

அந்த ஐந்து நாளும் அவர் கண்ணாடி அறையில் உட்கார்ந்ததை நான் அதிகம் பார்க்கவில்லை. காலையில் நோட்டிலிருந்து ஒரு தாள் பிரிண்ட் எடுப்பார். எந்த மெஷின் ஜாஸ்தி பேசுகிறதோ அது மேலே. தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு போவார். ஒவ்வொரு மெஷின் முன்னாலும் நின்று, அது யாரைக் கூப்பிடுகிறது, ஏன் கூப்பிடுகிறது, கூப்பிடாவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று அங்கே வேலை செய்கிறவரிடம் கேட்பார். அவர் சொன்ன பிறகுதான் தாளில் அந்த வரியை அடிப்பார். வெட்டும் பிரிவு மெஷின் ஒன்று தன்னைச் செய்த நாட்டைக் கூப்பிட்டுப் புதுசு ஏதாவது உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை விசாரித்தால் போதும் என்று மாற்றினார். கேமராப் பெட்டி, கேன்டீன் டேப்லெட், கேட்டில் எடை மெஷின். புதன்கிழமை நோட்டு பத்து மணி நேரம் தாங்கியது.

வியாழக்கிழமைத் தாளில் முதல் இடத்தில் இருந்தது மேனேஜர் அறைச் சுவரில் தொங்கிய டிவி. தாளோடு போய் அவர் முன்னால் நின்றார்.

"அது ஆஃப்லதாம்மா கீது. நான் பாக்கறதே இல்ல!"

"நீங்க பாக்கல சார். அது பாத்துகினே கீது. எட்டு செகண்டுக்கு ஒரு தடவை எங்கியோ கூப்பிடுது."

"எனக்கெதிரா கேஸ் போடப் போறியா?"

"பிளக்கைப் புடுங்கப் போறேன் சார்."

பிடுங்கிவிட்டு, பிளக்கை அவர் மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தார். அன்று சாயந்தரம் நோட்டு பதினாறு மணி நேரம். சனிக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, ஒன்றரை நாளுக்குக் கொஞ்சம் கம்மி. "ஞாயித்துக்கெழமை ஆளுங்க இல்ல, மெஷினும் கம்மியா பேசும். தாங்கும்" என்றார். தாங்கும் என்பதை என்னிடம் சொன்னாரா, பெட்டியிடம் சொன்னாரா தெரியவில்லை.

திங்கட்கிழமை நான் வந்தபோது கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே திரை முன் நின்றுகொண்டிருந்தார். ஞாயிறு காலை மீட்டர் நின்றிருந்தது. நோட்டில் அது இருந்தது. மீட்டர் கூப்பிட்டிருக்கிறது, பாதியில் அறுந்திருக்கிறது, மறுபடி கூப்பிட்டிருக்கிறது, மறுபடி அறுந்திருக்கிறது. பிறகு ஒன்றுமே இல்லை. வெயில் ஏறிய பிறகு, எதுவும் நடக்காதது போல மறுபடி பேச்சு.

"அணைச்சவன் இப்டி அணைக்க மாட்டான் சார். இது திக்குது."

அதோடு விடவில்லை. தொட்டிக்குப் போய், ஏழுமலைக்குப் பதில் வேலை பார்த்தவரை வைத்துக்கொண்டு, மீட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்று தடவையும் மீட்டர் எழுந்ததும் முதல் வேலையாக வெளியே ஒரு இடத்தைக் கூப்பிட்டு இப்போது மணி என்ன என்று கேட்டது. அதன் பிறகுதான் கணக்கை அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை வரிகளில் மணி கேட்ட வரி இல்லை. அது தூங்கவே இல்லை. யாரும் அதை அணைக்கவில்லை.

பிறகு கேபிளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் போனேன். தொட்டியிலிருந்து சுவரோரமாக வந்து, பச்சைத்தோல் குடோனுக்குள் நுழைந்து, மூலையில் ஒரு உப்புக் குவியலுக்குப் பின்னால் கேபிள் மறைந்தது. சனிக்கிழமை சாயந்தரம் உப்புப் போட்ட தோல் லோடு வரும். தோலைப் பிரித்து உப்பைத் தட்டுவார்கள். தட்டின உப்பு மூலைக்குப் போகும். குடோன் மேஸ்திரி மஸ்தான் பாய் வாசலில் நின்று சிரித்தார்.

"இன்னா மேடம், உப்புல கம்ப்யூட்டர் தேடறீங்க?"

"இந்த மூலையில எப்ப இருந்து பாய் கொட்றீங்க?"

"அந்தாண்ட தரை ஒடைஞ்சிருச்சு. ரெண்டு மாசமா இங்கதான். உப்பு எங்க போவும், மூலைக்குத்தான் போவும்."

சிஸ்டம் அக்கா இரண்டு கையாலும் உப்பை விலக்கினார். இரண்டு கேபிள்களை இணைக்கிற சின்ன டப்பா, மூடி இல்லாமல் கிடந்தது. உள்ளே செம்பு கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் பச்சை பூத்திருந்தது. சனிக்கிழமை புது உப்பு விழும், விடியலில் அது ஈரத்தை இழுக்கும், இணைப்பு திக்கும், வெயில் வந்தால் காயும். மேஸ்திரி சிரிப்பை நிறுத்தினார். "நாங்க பண்ணதா மேடம்?" என்று கேட்டார்.

"நீங்க உப்பைக் கொட்டினீங்க. கேபிள் இங்க கீதுன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

செவ்வாய்க்கிழமை விசாரணையில் குறிப்பெழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மேனேஜர், பர்சனல் ஆபீசர், ஏழுமலை, இவர். மேசை மேல் ஒரே ஒரு தாளும், பச்சை பூத்த டப்பாவும். மேனேஜர் தாளைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"போன ஞாயிறு வேலையில இருந்தவன் இவனோட தோஸ்த்து. இவனைக் காப்பாத்த அவனே அணைச்சிருக்கலாம்."

"அணைச்சிருந்தா மணி கேட்டிருக்கும் சார். கேக்கல."

"சரி, போன ஞாயிறு கேக்கல. அதுக்கு முன்னாடி மூணு ஞாயிறு? அந்த நோட்டு எங்க?"

அறையில் எல்லோரும் சிஸ்டம் அக்காவைப் பார்த்தோம். "நிறுத்தச் சொன்னது நீங்கள்" என்று அவர் சொல்லலாம். நான் சாட்சி. ஏழுமலைகூட ஏதோ எதிர்பார்ப்பது போலத் தலையை நிமிர்த்தினார்.

"இல்ல சார். போய்ப் பாக்காம அந்த எண்ணை நான் நிறுத்தினேன். நிறுத்தாம ஒண்ணொண்ணா கொறைச்சிகினு வந்திருந்தா நோட்டு தாங்கியிருக்கும், மொத ஞாயித்துக்கெழமையே தெரிஞ்சிருக்கும். இவரு வூட்ல உக்காந்திருக்க வேணாம். மீட்டர் பேசாதது இவர் தப்பு இல்ல. பேசாதது நமக்குத் தெரியாம போனது என் தப்பு." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், என் பேரைப் போட்டு எழுதுங்க."

எழுதினேன். மேனேஜர் அதைத் தடுக்கவில்லை. அந்த வாசல் கத்தலைப் பற்றி அவரும் பேசவில்லை, குறிப்பில் சேர்க்கட்டுமா என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஏழுமலை மறுநாள் வேலைக்கு வந்தார். சிஸ்டம் அக்காவுக்கு மெமோ வந்தது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த தாளைப் பிரிண்ட் எடுத்தார். கேபிளைக் குடோனுக்கு வெளியே சுற்றிக் கொண்டுபோனார்கள். நோட்டு ஒன்றரை நாளிலிருந்து ஒரு வாரம் ஆயிற்று, பிறகு மூன்று வாரம். மீட்டர் ஐந்து நிமிடம் பேசாவிட்டால் அவர் திரையில் சிவப்பாகக் காட்டும்படியும் செய்துவிட்டார்.

ஏழுமலை திரும்பி வந்த நாளிலிருந்து, காலையில் இவர் உட்கார்ந்ததும் போன் அடிக்கும். தொட்டியிலிருந்து.

"மேடம், ஏழுமலை. மீட்டர் ஓடுது."

"சரிங்க ஏழுமலை."

அவ்வளவுதான் பேச்சு. திரையில் தெரிகிறதே, அவர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லையே, நிறுத்தச் சொல்லிவிடலாமே என்று ஒருநாள் கேட்டேன். அவர் அன்றைய தாளை நாலாக மடித்துக்கொண்டு பூட்ஸை எடுத்தார். மழைக்காலம் வந்தது, போனது. போன் வந்துகொண்டிருந்தது.

நான் அந்த வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு காலை, எட்டரை ஆகியும் அந்த போன் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். திரையில் மீட்டர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, சிவப்பு எதுவும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே எடுத்துத் தொட்டியின் எண்ணைப் போட்டார்.

"இன்னா ஏழுமலை, இன்னிக்குச் சொல்லலியே?"